மேல்மலையில் புகைத்தடை: மூடிய பொது இடங்களும் வணிகரின் கடமையும்

1. சட்டம் யாரிடம் பேசுகிறது

பொது இடங்களில் புகைப்பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் புகைப்பவரைத் தண்டிப்பதற்காக வந்தது என்பதே பரவலான எண்ணம். விதிகளை வரிசையாகப் படித்தால் நிலைமை வேறு. புகைப்பவருக்கு அதில் ஒரே ஒரு கட்டளைதான்: இங்கே புகைக்காதே. பலகை வைப்பது, சாம்பல் கிண்ணத்தை அகற்றுவது, புகாரைக் கேட்பது, கேட்டபின் நடவடிக்கை எடுப்பது ஆகிய மற்ற எல்லாமே அந்த இடத்தை நடத்துபவரின் தலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. டீக்கடைக்காரர், உணவகம் நடத்துபவர், விடுதி மேலாளர், அலுவலகத் தலைவர் ஆகியோர் தம் பொறுப்பை ஏற்றால் சட்டம் நடக்கிறது. ஏற்காவிட்டால் எத்தனை ஆய்வாளர்கள் வந்து போனாலும் சட்டம் பலகையோடு நின்றுவிடுகிறது.

பெருநகர வணிக வளாகத்தில் இதைக் கவனிக்கக் காவலாளி இருக்கிறார், கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. மலைக் கிராமத்தில் அந்த வசதிகள் இல்லை. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்தின் மேல்மலைப் பகுதியில் உள்ள மன்னவனூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இவ்வூர் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் விளையும் வேளாண் கிராமம். மத்திய ஆட்டு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இங்கே இயங்குகிறது. வனத்துறை சூழல் சுற்றுலாத் தலமாக நடத்தும் ஏரியும் புல்வெளியும் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கின்றன. சாலையோர டீக்கடை, சிற்றுண்டிக் கடை, சில அறைகள் மட்டுமே உள்ள தங்கும் விடுதி, வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே, கூடாரத் தங்கல், அரசு அலுவலகம், பேருந்து எனச் சட்டம் தொடும் இடங்கள் எல்லாம் சிறிய அளவில் இங்கே உண்டு.

2. சட்டம் வந்த வழி

இந்தியாவில் 1975-ஆம் ஆண்டு மத்தியச் சிகரெட் சட்டம், பெட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பதோடு நின்றது. புகைக்கும் இடத்தைப் பற்றி அது கவலைப்படவில்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் பெட்டியில் உடன் பயணிப்பவர் ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றது. ஆட்சேபிக்கும் சுமை பயணியின் மேல் இருந்தது. 1996-இல் டெல்லியும் அடுத்த ஆண்டில் கோவாவும் தனிச் சட்டம் இயற்றின.

நீதிமன்றத்தின் முதல் பெரிய அடி கேரளத்தில் விழுந்தது. 1999 ஜூலை 12 அன்று கே. ராமகிருஷ்ணன் வழக்கில் நீதிபதிகள் ஏ.ஆர். லட்சுமணன், நாராயண குருப் ஆகியோர் அடங்கிய கேரள உயர் நீதிமன்ற அமர்வு, பொது இடத்தில் புகைப்பது பொதுத் தொல்லை என்றும், பிறர் விடும் புகையைச் சுவாசிக்க வைப்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமைக்கு எதிரானது என்றும் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், கலையரங்கம், ரயில் உள்ளிட்ட பொது வாகனம் ஆகியவற்றில் புகைப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. தமிழ்நாடும் 2002-ஆம் ஆண்டின் புகைப்பிடித்தல் மற்றும் எச்சில் துப்புதல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இவற்றுக்குப் பின் வந்ததே இன்று நடைமுறையில் உள்ள மத்தியச் சட்டமான 2003-ஆம் ஆண்டுச் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம். அதிகாரிகளும் வணிகரும் இதைச் சுருக்கமாக 'கோட்பா' என்கின்றனர். இதன் 4-ஆம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. அது 2004 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இந்தியா உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையையும் ஏற்றது. அதன் 8-ஆம் உறுப்பு, பணியிடத்திலும் மூடிய பொது இடத்திலும் பிறர் புகையிலிருந்து மக்களைக் காப்பதை உறுப்பு நாடுகளின் கடமையாக்குகிறது. சட்டத்தைக் கடையளவில் நடைமுறைப்படுத்தும் விதிகள் 2008 மே 30 அன்று அறிவிக்கப்பட்டன. அவற்றை எதிர்த்து வழக்குகள் வந்தபோதும் உச்ச நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. காந்தி பிறந்தநாளான 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் செயலுக்கு வந்தன. வணிகர்கள் கைக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் இந்த 2008 விதிகளில்தான் இருக்கிறது.

3. பொது இடம் எது

சட்டத்தின் விளக்கப்படி, பொதுமக்கள் உரிமையோடோ இல்லாமலோ நுழையக்கூடிய எந்த இடமும் பொது இடம். கலையரங்கம், மருத்துவமனை, ரயில் நிலையக் காத்திருப்பு அறை, பொழுதுபோக்கு மையம், உணவகம், அரசு அலுவலகம், நீதிமன்றம், கல்வி நிலையம், நூலகம், பொது வாகனம் ஆகியவற்றைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிக்கிறது. 2008 விதிகள் பணியிடம், வணிக வளாகம், திரையரங்கம், கேன்டீன், காபிக் கடை, மதுக்கூடம், விமான நிலையக் காத்திருப்புக் கூடம் ஆகியவற்றைச் சேர்த்தன.

திறந்தவெளியைச் சட்டம் விலக்குகிறது. ஆனால் விதிகள் அந்த விலக்கைச் சுருக்கிவிட்டன. திறந்த கலையரங்கம், விளையாட்டு அரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிலையம், பேருந்து நிறுத்தம் போன்று மக்கள் கூடும் இடங்கள் திறந்தவெளிக் கணக்கில் வராது. கொடைக்கானலுக்கு ரயிலில் வருபவர் இறங்கும் கொடை ரோடு நிலையத்தின் நடைமேடை வானம் பார்த்த இடமாயினும் அங்கே புகைப்பது குற்றம். மன்னவனூர் பேருந்து நிறுத்தத்துக்கும் இதே விதி.

பிற நாடுகளின் சட்டங்கள் இந்தக் கேள்வியை வேறு வழியில் தீர்க்கின்றன. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ள சட்டம், கூரை உள்ள இடத்தின் சுவர்ப் பரப்பில் பாதிக்கும் குறைவாகத் திறப்பு இருந்தால் அதை மூடிய இடமாகக் கொள்கிறது. அங்கே அளவுநாடா தேவை. இந்தியச் சட்டம் சுவரை அளப்பதில்லை. இடத்தின் பயனைப் பார்க்கிறது. அதனால் முன்பக்கம் முழுவதும் திறந்திருக்கும் டீக்கடையின் உள்பெஞ்சும் உணவகமே. 'கதவே இல்லாத கடை, இது எப்படி மூடிய இடம்' என்ற வாதம் இங்கே நிற்காது.

பணியிடம் என்ற சொல் இந்த வரம்பை மேலும் அகலமாக்குகிறது. வாடிக்கையாளர் நுழையாத சமையலறை, விடுதியின் துணி துவைக்கும் அறை, காய்கறி எடை போடும் கொட்டகை, அலுவலகத்தின் பின்னறை எல்லாம் யாரோ ஒருவர் கூலிக்கு உழைக்கும் இடங்கள். ஆட்டு ஆராய்ச்சி மையம் ஒரே சமயத்தில் அரசு அலுவலகமும் பணியிடமும் ஆகும். உலர்தீவனமும் கம்பளியும் சேரும் அத்தகைய இடத்தில் புகைத்தடை உடல்நலத்தோடு தீப் பாதுகாப்பையும் சேர்த்துக் காக்கிறது.

4. உரிமையாளரின் கடமைகள்

2008 விதிகளின் 3-ஆம் விதி உரிமையாளர், நடத்துநர், மேலாளர், மேற்பார்வையாளர், பொறுப்பாளர் என யாராயினும் அந்த இடத்தின் பொறுப்பில் இருப்பவர் செய்ய வேண்டியவற்றை வரையறுக்கிறது.

முதலாவது, அந்த இடத்தில் யாரும் புகைக்காமல் பார்த்துக்கொள்வது. பலகை வைத்தாயிற்று என்று சொல்லி இந்தக் கடமையிலிருந்து விலகிவிட முடியாது.

இரண்டாவது, அறிவிப்புப் பலகை. குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவு, வெள்ளைப் பின்னணி, இது புகைத்தடைப் பகுதி என்றும் இங்கே புகைப்பது குற்றம் என்றும் கூறும் வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். குறைந்தது 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், அதற்கு 3 சென்டிமீட்டருக்குக் குறையாத சிவப்பு விளிம்பு, நடுவில் கரும்புகை கிளம்பும் சிகரெட் அல்லது பீடி, அதன் குறுக்கே விளிம்பின் அகலத்திலேயே சிவப்புப் பட்டை எனப் படத்துக்கும் அளவு உண்டு. நுழைவாயில் ஒவ்வொன்றிலும், உள்ளே கண்ணில் படும் இடங்களிலும் பலகை வேண்டும். மாடி இருந்தால் ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டிலும் வேண்டும். கணினியில் அச்சடித்து ஒட்டிய சிறு தாள் இந்த விதியை நிறைவேற்றுவதில்லை. மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மேல்மலையில் வாசலில் ஒட்டிய தாள் நெடுநாள் தங்குவதும் இல்லை. தகரத்திலோ தடித்த பிளாஸ்டிக்கிலோ எழுதிய பலகையே நிலைக்கும்.

மூன்றாவது, புகைப்பதற்கு வசதி செய்து தராமல் இருப்பது. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் அந்த இடத்தில் வாடிக்கையாளருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. பல டீக்கடைகள் தம்மை அறியாமல் மீறும் விதி இதுதான். கடைமுகப்பில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர், நுனி கனன்றுகொண்டிருக்கும் கயிறு, மேசைமேல் சாம்பல் தட்ட வைத்த பழைய டின் ஆகிய மூன்றும் இதற்குள் அடங்கும். சிகரெட் விற்பது குற்றம் இல்லை. விற்ற இடத்திலேயே பற்றவைக்க ஏற்பாடு செய்வது குற்றம்.

நான்காவது, புகார் கேட்பவரின் பெயரை எழுதி வைப்பது. வாடிக்கையாளர் யாரிடம் முறையிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். சிறு கடையில் முதலாளியின் பெயரே போதும். விடுதியில் இரவுப் பணியில் இருப்பவரின் பெயரும் தேவைப்படும்.

ஐந்தாவது, புகார் வந்தபின் செயல்படுவது. செயல்படாவிட்டால், அங்கே எத்தனை பேர் தடையை மீறினார்களோ அத்தனை குற்றங்களுக்குமான அபராதத்தை உரிமையாளரே கட்ட வேண்டும். தனிநபருக்கான உச்ச அபராதம் 200 ரூபாய். புகார் வந்தும் பத்துப் பேரைப் புகைக்க விட்ட உணவகம் 2,000 ரூபாய் வரை செலுத்த நேரிடும்.

சிகரெட் விற்கும் கடைக்கு இவற்றோடு கோட்பாவின் 6-ஆம் பிரிவும் பொருந்தும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது. அதைச் சொல்லும் பலகை வைக்க வேண்டும். கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவர் அல்லது வேலியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கவே கூடாது. இந்தத் தூரம் சாலை வளைவுகளைப் பின்பற்றாமல் நேர்கோட்டில் அளக்கப்படுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் நடந்தால் நெடுந்தூரம் போலத் தெரியும் கடை, நேர்கோட்டில் பள்ளிக்கு மிக அருகில் இருக்கக்கூடும்.

5. முப்பது என்னும் எல்லை

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. 30 அறைகள் கொண்ட ஹோட்டல், 30 பேர் அல்லது அதற்கு மேல் அமரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கலாம். ஒதுக்கலாம் என்பதுதான் சட்டத்தின் சொல். ஒதுக்கியே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை.

அந்த இடம் எப்படி அமைய வேண்டும் என்பதை விதிகள் கறாராகச் சொல்கின்றன. நான்கு பக்கமும் கூரை வரை முழுச் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, உள்காற்றை மறுசுழற்சி செய்யாமல் நேரே வெளியேற்றும் அமைப்பு, கட்டடத்தின் மற்றப் பகுதிகளைவிடக் குறைந்த காற்றழுத்தம் ஆகியவை வேண்டும். நுழைவாயிலிலோ வெளியேறும் வழியிலோ அதை வைக்கக் கூடாது. புகைப்பதைத் தவிர வேறு எதற்கும் அது பயன்படக் கூடாது. உணவோ பானமோ பரிமாறக் கூடாது என்பதை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் உறுதி செய்தது. 30 அறைகளுக்குக் குறையாத ஹோட்டல் புகைக்கும் அறைகளைத் தனியே ஒதுக்கினால், அவை எல்லாம் ஒரே தளத்திலோ ஒரே பிரிவிலோ இருக்க வேண்டும். அங்கிருந்து புகை தாழ்வாரத்துக்கு வரக் கூடாது.

முப்பது என்ற இதே எல்லையை இலங்கையும் வைத்திருக்கிறது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை அமைத்த 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்து, 30 அறை கொண்ட ஹோட்டலுக்கும் 30 இருக்கை கொண்ட உணவகத்துக்கும் விமான நிலையத்துக்கும் விலக்கு அளிக்கிறது. அயர்லாந்து 2004 மார்ச் 29 முதல் மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகைப்பதைத் தடை செய்து, இத்தகைய தேசியத் தடையில் உலகுக்கு முன்னோடியானது. அங்கே உணவகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் தனிப் புகையறைச் சலுகை கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கை நாடுகள் 2007-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளும் காற்றோட்டக் கருவியோ தனி அறையோ போதிய பாதுகாப்புத் தராது என்கின்றன.

மேல்மலைக்கு இந்த விலக்கு பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஐந்தாறு அறை கொண்ட விடுதிக்கும் பத்துப் பேர் உட்காரும் சிற்றுண்டிக் கடைக்கும் புகையறை அமைக்கும் உரிமை இல்லை. அங்கே 'ஸ்மோக்கிங் ரூம்' என்று ஓர் அறையைக் காட்டுவது விதிமீறல். இது சிறு வணிகருக்குச் சுமைபோலத் தெரிந்தாலும் உண்மையில் செலவு மிச்சம். எதிர்மறைக் காற்றழுத்தமும் வெளியேற்றும் விசிறியும் தானே மூடும் கதவும் சிறு முதலீட்டில் ஆகிறவை அல்ல. உள்ளே எங்கும் புகைக்கக் கூடாது என்ற ஒரே விதிக்குப் பலகையும் உறுதியும் போதும்.

6. குளிரும் மூடிய சன்னலும்

சமவெளி டீக்கடையில் புகை காற்றோடு ஓரளவேனும் கலைந்துபோகும். மலையில் நிலைமை வேறு. மாலை சாய்ந்ததும் குளிர் இறங்குகிறது. சன்னலும் கதவும் சாத்தப்படுகின்றன. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் உயரத்தில் இரவில் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்வது நடக்காத காரியம். ஒரு சிகரெட்டின் புகை அறைக்குள் வெகுநேரம் தங்கும். கம்பளி, மெத்தை, திரைச்சீலை, மரச்சுவர் எல்லாம் அதை உறிஞ்சி, அடுத்த நாள் வரும் விருந்தினருக்கும் மணக்க வைக்கும்.

பிறர் புகையின் தீங்கு வாடையோடு நிற்பதில்லை. புகைப்பவர் இழுத்து விடும் புகையைவிட, எரியும் நுனியிலிருந்து வடிகட்டாமல் கிளம்பும் புகைதான் அறைக்காற்றில் பெரும்பகுதி. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ஜப்பானில் புகைப்பவர்களின் மனைவியரை ஆராய்ந்து தகேஷி ஹிராயாமா 1981-இல் வெளியிட்ட ஆய்வு, புகைக்காதவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்தை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. பிறர் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்றில்லை என 2006-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரின் அறிக்கை கூறியது. பிறர் புகையால் உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிய காலத்துக்கு முன்பே இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்தியாவில் 2016-17-இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, கூரைக்குள் வேலை செய்பவர்களில் 30.2 விழுக்காட்டினர் பணியிடத்தில் பிறர் புகையைச் சுவாசிக்க நேர்ந்தது.

வாசனைத் தெளிப்பான் வாடையை மறைக்கும், நுண்துகளை அகற்றாது. சன்னலோரம் நின்று புகைப்பதும் பயன் தராது. மலைக்காற்று உள்நோக்கி வீசினால் புகை அறைக்குள்ளேயே திரும்பும். வாடிக்கையாளர் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்துபோவார். மேசை துடைப்பவரும் சமையல்காரரும் நாள் முழுவதும் அங்கேயே இருப்பவர்கள். தடை முதலில் காப்பது அவர்களைத்தான்.

7. கடைப்பிடிக்கும் முறை

நன்றாக நடக்கும் இடங்களில் தடை விருந்தினர் வருமுன்பே தொடங்குகிறது. முன்பதிவின்போதே விடுதிக்குள் புகைக்க அனுமதியில்லை என்று சொல்லிவிடுவது முதல் படி. சாவி கொடுக்கும்போது மறுபடி சொல்லி, வெளியே புகைக்கும் இடத்தைக் கைகாட்டுவது இரண்டாவது படி. அறையிலிருந்து சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி ஆகியவற்றை எடுத்துவிடுவது மூன்றாவது. மின்தடை நேரும் மலையூரில் மெழுகுவர்த்திக்காகத் தீப்பெட்டி வைக்கும் பழக்கம் உண்டு. மின்கல விளக்கு வைத்தால் அந்தத் தேவையும் போகிறது.

மீறலைக் கண்டால் சொல்லும் விதம் முக்கியம். சட்டப்பிரிவைச் சொல்லி மிரட்டுவதைவிட, 'அண்ணே, உள்ளே வேண்டாம், கொஞ்சம் வெளியில போய்ப் பிடிங்க' என்ற ஒரு வாக்கியத்துக்குப் பெரும்பாலோர் எழுந்துவிடுவர். அதைச் சொல்லும் துணிவு பரிமாறும் பையனுக்கு வர வேண்டுமானால், முதலாளி தன் பக்கம் நிற்பார் என்ற நம்பிக்கை அவனுக்கு வேண்டும். முதலாளியே கல்லாவில் அமர்ந்து புகைக்கும் கடையில் எந்தப் பலகைக்கும் மதிப்பில்லை. கேட்டும் அணைக்காதவருக்குப் பரிமாறுவதை நிறுத்துவது, அதன்பின் அதிகாரியிடம் தெரிவிப்பது என்பது அடுத்தடுத்த நிலை.

கவனம் தவறும் இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றே: கழிப்பறை, படிக்கட்டு, சமையலறையின் பின்பக்கம், சரக்கு அறை. அதனால்தான் கடைப்பிடிப்பை மதிப்பிடும் ஆய்வுகள் புகைப்பவர் யாரும் தென்படுகிறாரா என்பதோடு நிற்பதில்லை. விதிப்படி பலகை உண்டா, சாம்பல் கிண்ணம் இருக்கிறதா, சிகரெட், பீடித் துண்டுகள் கிடக்கின்றனவா, புகை வாடை அடிக்கிறதா என்றும் பார்க்கின்றன. இந்தக் குறிகளை உரிமையாளரே வாரம் ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஹோம்ஸ்டே சற்றுச் சிக்கலானது. குடும்பம் வாழும் பகுதி தனி வீடு. அதற்குள் சட்டம் நுழைவதில்லை. பணம் கொடுத்துத் தங்குவோருக்குத் திறந்துவிட்ட அறை, உணவுக்கூடம், வரவேற்பிடம் ஆகியவை மக்கள் வந்துபோகும் இடங்கள். அங்கே வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அது பணியிடமும் ஆகிறது. கூடாரத் தங்கலில் கூடாரமே அறை. நைலான் துணி எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் சட்ட வாதத்துக்குப் போகும் முன்பே அங்கே தடை தேவை. பேருந்தும் வாடகைக் காரும் ஜீப்பும் பொது வாகனங்கள். அவற்றில் ஓட்டுநரும் நடத்துநரும் பயணியிடம் தடையைச் சொல்ல வேண்டியவர்கள், தாமும் கடைப்பிடிக்க வேண்டியவர்கள்.

ஹூக்கா வைப்பது சிறு மீறல் அல்ல. 2022-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தத்தின்படி ஹூக்கா கூடம் நடத்துவோருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையும் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மின்சிகரெட்டின் உற்பத்தி, விற்பனை, விற்பனைக்கான இருப்பு எல்லாவற்றையும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது.

8. வாசலுக்கு வெளியே

புகைப்பவரை வெளியே அனுப்புவதோடு நகரத்துக் கடையின் வேலை முடிந்துவிடும். மன்னவனூரில் வெளியே என்பது பல இடங்களில் புல்வெளி, சோலைக்காடு, பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரத்தோப்பு. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் சுமார் 609 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. மாசி முதல் சித்திரை வரை புல் காய்ந்து கிடக்கும் பருவத்தில் அணைக்காத ஒரு துண்டு மலைச்சரிவையே பற்றவைக்கப் போதும்.

இங்கே சுகாதாரச் சட்டம் நிற்கும் இடத்தில் வனச் சட்டம் தொடங்குகிறது. 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்குகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சரணாலயத்துக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதையும் தீயை எரியவிட்டுப் போவதையும் தடுக்கிறது. 2018 மார்ச் 11 அன்று அண்டை மாவட்டமான தேனியின் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்தை முறைப்படுத்தத் தமிழ்நாடு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

ஏரியை ஒட்டிய புல்வெளி கோட்பாவின்படி திறந்தவெளியா, மக்கள் கூடும் இடமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. நுழைவுச்சீட்டு வாங்கி மக்கள் கூடும் இடம் என்பதால் விதிகளின் சுருக்கிய விளக்கத்துக்குள் வரும் என்று சொல்ல முடியும். தீ ஆபத்தைக் கருதினால் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே தடையைச் சொல்வதும், பற்றவைக்கும் பொருள்களை உள்ளே கொண்டுபோக விடாததும் போதிய வழிகள்.

விடுதி உரிமையாளர் வெளியே இடம் ஒதுக்கும்போது நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். வாசலுக்கும் சன்னலுக்கும் தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகை உள்ளேயே வரும். தரை சிமென்ட்டோ கல்லோ ஆக இருக்க வேண்டும். சுற்றிலும் காய்ந்த புல்லும் சருகும் அகற்றப்பட்டிருக்க வேண்டும். மணலோ தண்ணீரோ நிரப்பிய கனமான தொட்டி ஒன்று வேண்டும். கட்டடத்துக்குள் சாம்பல் கிண்ணம் வைப்பது விதிமீறல். வெளியே மணல் தொட்டி வைக்காமல் விடுவது தீக்கு அழைப்பு. சிகரெட்டின் வடிகட்டித் துண்டு செல்லுலோஸ் அசிடேட் என்னும் நெகிழி. எளிதில் மக்காது. மழைநீரோடு ஓடி ஏரியில் சேரும்.

9. கண்காணிப்பும் அபராதமும்

தடையை மீறிப் புகைப்பவருக்குக் கோட்பாவின் 21-ஆம் பிரிவின்படி 200 ரூபாய் வரை அபராதம். அதிகாரம் பெற்றவர் அந்த இடத்திலேயே வசூலித்து ரசீது கொடுத்து வழக்கை முடித்துவிடலாம். கட்ட மறுத்தால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் சுருக்க விசாரணை நடக்கும். நிறுவனம் குற்றம் செய்தால் அதன் பொறுப்பில் இருந்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 26-ஆம் பிரிவு. அபராதம் விதிக்கும் அதிகாரம் காவல்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் மட்டும் உரியதல்ல. பள்ளியில் தலைமையாசிரியர், அஞ்சலகத்தில் அஞ்சலக அதிகாரி, நூலகத்தில் நூலகர், பணியிடத்தில் நிர்வாகத் தலைவர் என அந்தந்த இடத்துத் தலைவர்களுக்கே விதிகள் இந்த அதிகாரத்தைத் தந்திருக்கின்றன. ஆய்வுக் குழு கொடைக்கானலிலிருந்து வந்து திரும்பவே பல மணி நேரத்தைக் கழிக்க வேண்டிய மேல்மலை ஊர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது. தனியார் கடைக்கு மட்டும் இத்தகைய உள்ளூர் அதிகாரி இல்லை. அங்கே உரிமையாளரின் சொல்லே சட்டத்தின் சொல்லாக இருக்க வேண்டியுள்ளது.

10. வருமானக் கேள்வி

தடை போட்டால் வாடிக்கையாளர் குறைவர் என்ற அச்சம் எல்லா நாடுகளிலும் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட கையேடு, புகைத்தடையால் உணவகங்களின், மதுக்கூடங்களின் வணிகம் சுருங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. இதற்குக் காரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். மேற்சொன்ன இந்தியக் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் புகைப்பவர் 10.7 விழுக்காடே. மலைக்குக் குடும்பத்தோடு வருவோரில் குழந்தைகளும் முதியவர்களும் பலர். அறை வாடையின்றி இருப்பதே அவர்களுக்கு வேண்டும். தடை எல்லாக் கடைக்கும் ஒன்றாக இருந்தால் ஒரு கடையில் மறுக்கப்பட்டவர் பக்கத்துக் கடைக்குப் போவதிலும் பயனில்லை. ஒரே தெருவில் ஒரு கடை கடைப்பிடித்து மற்றொன்று விட்டுவிடும்போதுதான் ஒழுங்காக நடப்பவர் நட்டப்படுகிறார். ஆகவே ஊரின் கடைக்காரர்களும் விடுதி நடத்துபவர்களும் கூடிப் பேசி ஒரே நாளில் தொடங்குவது தனித்தனியே முயல்வதைவிட எளிது. மலைநகரான சிம்லா 2010-இல் புகையில்லா நகரமாகவும், 2013-இல் இமாச்சலப் பிரதேசம் புகையில்லா மாநிலமாகவும் அறிவிக்கப்பட்டன. சுற்றுலாவை நம்பும் மலைப்பகுதிக்கும் இது இயலும் என்பதற்கு அவை சான்று.

11. வரக்கூடிய மாற்றங்கள்

200 ரூபாய் என்ற வரம்பு 2003-இல் வகுத்தது. விலைவாசி உயர்ந்தபின் அது தடுக்கும் வலிமையை இழந்துவிட்டது. மத்திய அரசு கருத்துக் கேட்பதற்காக வெளியிட்ட 2020-ஆம் ஆண்டு வரைவுத் திருத்தம் அபராதத்தை 2,000 ரூபாயாக உயர்த்தவும், உணவகம், ஹோட்டல்களின் புகையறை விலக்கை நீக்கவும், வாங்கும் வயதை 21 ஆக்கவும் முன்மொழிந்தது. கர்நாடகம் தன் திருத்தச் சட்டத்தில் வயதை 21 ஆக்கி, பொது இடத்தில் புகைப்பதற்கான அபராதத்தை 1,000 ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது. முப்பது அறை விலக்கு நாளை நீங்கினால் புகையறைக்குப் பெரும்பணம் செலவிட்ட ஹோட்டல்கள் தம் கட்டடத்தை மாற்ற வேண்டிவரும். மேல்மலையின் சிறு கடைகளும் விடுதிகளும் எதையும் மாற்றத் தேவையிராது. உள்ளே முழுத் தடை, வெளியே தீக்கு இடங்கொடாத ஓர் ஒதுக்கிடம் என்ற அமைப்பை அவை இன்றே ஏற்றால் இப்போதைய சட்டத்துக்கும் அதுவே போதும், இனி வரக்கூடிய சட்டத்துக்கும் அதுவே போதும்.